ருயினா, டிஸ்ட்ரோயா?

ஓ.எல். பரீட்சை எழுதப்போகும் எங்கள் லயத்துத் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) தங்கச்சி ஒருத்தி, ருயின் (ruin), டிஸ்ட்ரோய் (destroy) என்ற இரண்டு இங்கிலீஷ் சொற்களைக் காட்டி, "ரெண்டுமே அழிவுதானே, எதைப் போட்டா என்ன?" என்று கேட்டாள். அப்படியில்லை. டிஸ்ட்ரோய் என்றால் ஒன்றும் மிஞ்சாது: 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதே, அதற்கு அந்தச் சொல்தான். லத்தீன் மூலத்தில் பார்த்தால், கட்டியதைப் பிரித்துப்போடுவது. ருயின் என்றால் அந்தச் சாமான் மிஞ்சி இருக்கும், ஆனால் உதவாது. கலியாணத்தன்று அடைமழை கொட்டினால் மழை அதை ருயின் பண்ணிவிட்டது, அவ்வளவுதான். தாலி ஏறிவிட்டதே, டிஸ்ட்ரோய் என்றால் சிரிப்பார்கள். நாம் "எல்லாம் பாழாப்போச்சு" என்கிறோமே, கிட்டத்தட்ட அது.

இரண்டும் பக்கத்தில் நிற்பதைப் பார்க்க நம் மலைநாட்டுக் கோப்பிக் கதையே போதும். 1869இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பிச் செடிகளை டிஸ்ட்ரோய் செய்தது, தோட்டத்தில் பணம் போட்டிருந்த துரைமார் பலர் ருயின் ஆனார்கள், அதாவது ஆள் இருக்கிறார், கையில் சல்லி இல்லை. (அந்தப் பூஞ்சைக்கு வைத்த அறிவியல் பெயரிலும் வாஸ்டாட்ரிக்ஸ், பாழாக்குகிறவள், என்று இருக்கிறது. நாசமாக்குவதைச் சொல்லும் டெவஸ்டேட் (devastate) அதற்கு உறவுக்காரச் சொல்.)

ருயின்ஸ் என்று பன்மையில் வந்தால் பொலன்னறுவையில் பார்க்கும் இடிபாடுகள், சரியா? டிஸ்ட்ரோயில் மட்டும் ஒரு பொறி உண்டு: பந்தயத்தில் கால் முறிந்த குதிரையை டிஸ்ட்ரோய் செய்தார்கள் என்று படித்தால், வலி தாங்காமல் கிடந்ததைக் கருணைக்கொலை செய்தார்கள் என்றுதான் அர்த்தம்.