செப்டிக் டேங்க் வென்ட் குழாய்க்குக் கைவேலை கார்பன் ஃபில்டர்: எந்தக் கரி தேறுகிறது, எது தேறவில்லை

மொட்டைமாடியில் நிற்கும் வென்ட் குழாயிலிருந்து சாயங்காலக் காற்றோடு அடுத்த வீட்டு ஜன்னலுக்குப் போகும் அழுகல் முட்டை வாடைக்கு இன்று கடையில் மூன்று வகைத் தீர்வுகள் கிடைக்கின்றன: குழாய் உச்சியில் மாட்டும் ரெடிமேட் கார்பன் மூடி, வாட்டர் ஃபில்டருக்கு விற்கும் கார்பனை நிரப்பிய குழாய், காற்றுக்கென்றே விற்கும் பெருமணிக் கார்பனை நிரப்பிய குழாய். இவற்றில் மூன்றாவதுதான் காசுக்கு ஏற்ற பலன் தருகிறது. அதன் அடியில் ஒரு அடுக்கு துருப்பிடித்த இரும்புச் சுருள் வைத்தால் பலன் இன்னும் கூடும். பாகங்களுக்கு ஆயிரம் ரூபாயைச் சுற்றி ஆகும். குழாய்த் துண்டு பிளம்பரிடம் மிச்சமாகக் கிடைத்தால் அதற்கும் குறைவு.

எதையும் வாங்குவதற்கு முன் வாடை வென்ட் குழாயிலிருந்துதான் வருகிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதிகம் புழங்காத குளியலறையில் நஹானி டிராப்பின் (தரை வடிகாலுக்கு அடியில் தண்ணீர் தேங்கி வாயுவைத் தடுக்கும் வளைவு) தண்ணீர் காய்ந்துபோனால் அதன் வழியாகவே வாயு வீட்டுக்குள் ஏறும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. சேம்பர் மூடியின் விளிம்பு விரிசலும் அடிக்கடி காரணமாக இருக்கும். யாரையாவது ஃப்ளஷ் செய்யச் சொல்லிவிட்டு, மெல்லிய டிஷ்யூ காகிதக் கீற்று ஒன்றை மூடி விளிம்பில் பிடித்துப் பாருங்கள். கீற்று அசைந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது. ஊதுபத்தி, தீக்குச்சி கூடவே கூடாது: டேங்கிலிருந்து வருவதில் மீத்தேனும் உண்டு. இந்த ஓட்டைகளை அடைக்காமல் வென்டில் ஃபில்டர் மாட்டினால், காற்று தடையில்லாத வழியைத் தேடிப் போகும். ஃபில்டர் பழுதில்லாமல் இருக்கும், நாற்றமும் இருக்கும்.

குழாயின் உயரத்தையும் பார்க்க வேண்டும். செப்டிக் டேங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2470, டேங்க் கட்டடத்திலிருந்து 15 மீட்டருக்குள் இருந்தால் வென்ட் குழாய் கட்டட உச்சிக்கு மேல் 2 மீட்டர் உயர வேண்டும் என்கிறது. நம் ஊரில் பல வீடுகளில் அது கைப்பிடிச் சுவர் மட்டத்திலேயே நின்றுவிடுகிறது. உயர்த்த இடமிருந்தால் முதலில் உயர்த்துங்கள். பக்கத்து மாடி அதைவிட உயரமாக இருந்து, உயர்த்தியும் தீரவில்லை என்றால் கார்பனுக்கு வரலாம்.

கரிகளைப் பார்ப்போம். இஸ்திரிக் கரி, அடுப்புக் கரி இரண்டும் இந்த வேலைக்கு ஆகாது. எரிந்த கரியை 900 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் நீராவியால் மறுபடி பதப்படுத்தும்போதுதான் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் திறக்கின்றன. அப்படிப் பதமானதுதான் ஆக்டிவேட்டட் கார்பன்; அதில் ஒரு கிராமின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீட்டரை எட்டும். தேங்காய்த் தொட்டிக் கரி இதற்கு மிகவும் தோதானது: கெட்டியானது, தூள் உதிராது, துளைகள் மிகச் சிறியவை. காங்கேயம் பக்கம் தொட்டிக்கரித் தொழில் பெரிதாக நடப்பதால் தமிழ்நாட்டில் நல்ல சரக்குக்குப் பஞ்சமில்லை. இலங்கையிலும் சிரட்டைக் கரியிலிருந்து இது பெருமளவில் தயாராகிறது.

வாங்கும்போது கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கரியின் உறிஞ்சும் திறனைக் காட்டும் அயோடின் எண்: 900க்குக் குறையாமல் இருக்கட்டும். மற்றொன்று மெஷ் அளவு, அதாவது மணியின் பருமன். பலரும் சறுக்குவது இங்கேதான். வாட்டர் ஃபில்டர் கடையில் எளிதாகக் கிடைப்பது 8×30 மெஷ், அதாவது 0.6 முதல் 2.4 மி.மீ வரையுள்ள மணி. காற்றுக்கு வேண்டியது 4×8 மெஷ், 2.4 முதல் 4.75 மி.மீ. கரி ஒன்றுதான், தரமும் ஒன்றுதான். ஆனால் மணி சிறுத்தால் காற்று போக இடமில்லை.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு ஃப்ளஷில் 10 லிட்டர் தண்ணீர் 10 விநாடியில் இறங்கினால் ஏறக்குறைய அதே அளவு காற்று வென்ட் வழியாக வெளியேறியாக வேண்டும். 160 மி.மீ குழாயில் 15 செ.மீ ஆழத்துக்கு 4×8 கரி இருந்தால் அதன் தடை சுமார் 1.3 மி.மீ தண்ணீர் உயரத்துக்குச் சமம். அதே ஆழத்துக்கு 8×30 நிரப்பினால் தடை பத்து மடங்கு, ஏறத்தாழ 14 மி.மீ. கழிப்பறை டிராப்பில் வாயுவைத் தடுத்து நிற்கும் தண்ணீர் பொதுவாக 50 மி.மீ தான். இரண்டு கழிப்பறையில் ஒரே நேரத்தில் ஃப்ளஷ் செய்து, கரியும் ஈரத்தில் ஊறிக் கிடந்தால், 8×30 நிரப்பிய குழாய் அந்த அரணை அசைத்துவிடும். கீழ்த்தளக் கழிப்பறையில் குமிழி எழும்பி ‘குளுக்’ என்று சத்தம் கேட்டால் வென்டுக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள். மாடியிலிருந்து துரத்திய நாற்றத்தை வீட்டுக்குள் அழைத்து வருவது போன்றது இது. 8×30 கரியை இந்த வேலைக்குப் பரிந்துரைக்கவே முடியாது, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

ரெடிமேட் மூடிகளின் குறை வேறு. 110 மி.மீ குழாய் உச்சியில் உட்காரும் மூடிக்குள் கையளவு கரிதான் கொள்ளும். புதிதில் நன்றாகவே வேலை செய்யும். கரி குறைவு என்பதால் சீக்கிரம் நிறைந்துவிடும். மாற்று உறையின் விலையைக் கூட்டிப் பார்த்தால் வருடக் கணக்கில் கைவேலை ஃபில்டரைவிடப் பல மடங்கு ஆகிவிடும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் குழாயை வெட்ட முடியாதவர்களுக்கும் மட்டும் அது பொருந்தும்.

காரம் ஏற்றிய கார்பன் என்று ஒன்று கழிவுநீர் நிலையங்களுக்காக விற்கிறார்கள். அழுகல் முட்டை வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடைச் சாதாரணக் கரி மெதுவாகத்தான் பிடிக்கும். காரம் ஏற்றியது மிக வேகமாகப் பிடிக்கும். கிடைத்தால் வாங்கலாம். ஆனால் காஸ்டிக் சோடாவைக் கரைத்துக் கரியில் ஊற்றி வீட்டிலேயே செய்ய முயல வேண்டாம். தோலையும் கண்ணையும் பொசுக்கும் திரவம் அது. தவிர, காரம் ஏறிய கரி சாதாரணக் கரியைவிடக் குறைந்த வெப்பத்தில் தீப்பிடிக்கும்.

அதற்குப் பதிலாக மலிவான வழி ஒன்று சாண எரிவாயுக் கலன்களில் நெடுங்காலமாக இருக்கிறது: துரு. ஹைட்ரஜன் சல்ஃபைடு இரும்புத் துருவோடு சேர்ந்து கருப்பான இரும்பு சல்ஃபைடாக மாறிவிடும். லேத் பட்டறையில் இரும்புச் சுருள் கேட்டு வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ், அலுமினியச் சுருள் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் கட்டிங் ஆயில் ஒட்டியிருக்கும். சோப்புத் தூள் போட்ட வெந்நீரில் இரண்டு முறை அலசாவிட்டால் துரு ஏறாது. பிறகு உப்புத் தண்ணீர் தெளித்து, தினமும் ஒருமுறை நனைத்து, நான்கைந்து நாள் வெயிலில் விட்டால் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். நல்ல தண்ணீரில் உப்பை அலசிவிட்டுப் பயன்படுத்தலாம். சுருளின் விளிம்பு பிளேடு போல அறுக்கும். தோல் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். வாயுவின் பெரும் பங்கை இந்த அடுக்கு பிடித்துக்கொள்ள, மெர்காப்டன் போன்ற மற்ற துர்நாற்றங்களை மேலே உள்ள கரி கவனித்துக்கொள்ளும்.

இனி குழாய். மழைநீர், கழிவுநீருக்கான எஸ்.டபிள்யூ.ஆர் வகையில் 160 மி.மீ குழாய் 45 செ.மீ நீளம், மேலும் கீழும் மாட்ட 160×110 ரெட்யூசர் இரண்டு, தேவையான கப்ளர், உச்சியில் மழை புகாமல் மூட ஒரு வென்ட் கௌல். இணைப்புகள் ரப்பர் வளையம் வைத்தவையாக இருக்கட்டும். சொல்யூஷன் போட்டு ஒட்டினால் கரி மாற்றும் நாளில் குழாயை அறுக்க வேண்டிவரும்.

சல்லடையைத் தாங்க உள்ளே ஒரு விளிம்பு வேண்டும். அதே குழாயிலிருந்து 25 மி.மீ உயர வளையம் ஒன்றை வெட்டி, அதன் சுற்றளவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு அமுக்கினால் குழாய்க்குள் இறுக்கமாக உட்காரும். எடுக்க வேண்டிய துண்டின் நீளம் குழாய்ச் சுவர்க் கனத்தின் 6.28 மடங்கு: 4 மி.மீ கனத்துக்கு 25 மி.மீ, 3.2 மி.மீ கனத்துக்கு 20 மி.மீ. இந்த வளையத்துக்கு மட்டும் சொல்யூஷன் போடலாம். அடி முனையிலிருந்து 5 செ.மீ தள்ளி ஒன்று, அதற்கு மேல் 12 செ.மீ தள்ளி இன்னொன்று. கீழ் வளையத்தின் மேல் சல்லடைத் தட்டும் 10 செ.மீ துருச் சுருளும், மேல் வளையத்தின் மேல் சல்லடைத் தட்டும் 15 செ.மீ கரியும். சுருளை அழுத்தித் திணிக்காமல் பொலபொலவென்று போடுங்கள். சல்லடை 304 தர ஸ்டெயின்லெஸ் வலையாக, கண் ஒன்றரை மி.மீ அளவில் இருக்கட்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ வலையை இந்த வாயு அரித்துவிடும். நைலான் கொசுவலை எடை தாங்காமல் தொங்கும். கரிக்கு மேலும் ஒரு வலை போட்டால் டேங்கில் பெருகும் கொசு வெளியேறாது. வென்ட் குழாயில் வலை கட்டச் சொல்லி வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்களின் வேலையும் அதிலேயே முடிந்துவிடும்.

கரி எவ்வளவு? 152 மி.மீ உள்விட்டம், 15 செ.மீ ஆழம் என்றால் 2.7 லிட்டர். லிட்டருக்கு அரை கிலோ என்று வைத்தால் சுமார் 1.4 கிலோ. ஒன்றரை கிலோ வாங்கினால் தூள் சலித்ததுபோக மிச்சம் மேல்நிரப்புக்கு ஆகும். தூளைக் கழுவி நீக்குவதைவிடச் சலிப்பதே நல்லது. கழுவினால் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்த பிறகே நிரப்ப வேண்டும். மாஸ்க் கட்டாயம். நிரப்பும்போது ஒவ்வொரு கைப்பிடிக்கும் குழாயின் பக்கத்தை ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். தட்டாமல் நிரப்பிய கரி பதினைந்து நாளில் ஒரு செ.மீ வரை அமர்ந்து, குழாய்ச் சுவரை ஒட்டிச் சந்து விடும்; காற்று கரியைத் தொடாமல் அந்தச் சந்து வழியாகவே போய்விடும். ஒரு மாதம் கழித்துத் திறந்து, குறைந்த அளவை நிரப்புவது அவசியம்.

கடையில் தந்தது உண்மையான ஆக்டிவேட்டட் கார்பன்தானா என்று சோதிக்க ஒரு எளிய வழி: தண்ணீரில் நீல மை இரண்டு சொட்டு விட்டு இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, ஒன்றில் வாங்கிய கரியும் இன்னொன்றில் இஸ்திரிக் கரியும் இரண்டிரண்டு கரண்டி போடுங்கள். நல்ல சரக்கு போட்டவுடன் நுண்குமிழிகள் விட்டுச் சிலுசிலுக்கும். மறுநாள் காலையில் அந்தக் குவளை மட்டும் தெளிந்திருக்கும். இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தால் கரியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஃபில்டரைக் குழாய் உச்சியில் வைக்காமல், மாடித் தளத்தில் நின்று கை எட்டும் உயரத்தில் இடையில் பொருத்தி, அதற்கு மேல் 110 மி.மீ குழாயைத் தொடருங்கள். ஈரம் ஏறினால் கரியின் எடை ஏறக்குறைய இரு மடங்காகும் என்பதால் கைப்பிடிச் சுவரில் 160 மி.மீ கிளாம்ப் இரண்டு போட்டுப் பிடிக்க வேண்டும். செங்குத்தாக நின்றால்தான் இரவில் உள்ளே படியும் நீர் சொட்டித் திரும்ப டேங்குக்கே இறங்கும்.

இதன் குறைகளில் பெரியது ஈரம்தான். டேங்கிலிருந்து வரும் காற்று எப்போதும் ஈரமானது. அந்த ஈரம் நுண்துளைகளில் இடம்பிடித்து மற்ற வாடைகளை ஏற்கும் திறனைக் குறைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கௌல் இல்லாமல் விட்டால் ஒரே வாரத்தில் ஃபில்டர் செத்த மாதிரிதான். அம்மோனியாவைச் சாதாரணக் கரி பிடிக்காது, ஆகவே மூத்திர நெடிக்கு இதை நம்ப வேண்டாம். காற்றை இழுக்க விசிறி மாட்டும் யோசனையும் வேண்டாம்: மீத்தேனுக்குப் பக்கத்தில் மோட்டார் பொறி ஆபத்து, காற்றின் வேகம் கூடினால் கரியோடு தங்கும் நேரமும் குறையும்.

மாற்ற வேண்டிய நாளை மூக்கே சொல்லும். காலையில் வீட்டில் முதல் ஃப்ளஷ் ஓடும் நேரத்தில் மாடியில் நின்று பாருங்கள்; வாடை திரும்பியிருந்தால் மாற்ற வேண்டும். பழைய கரியை வெயிலில் காயவைத்தால் ஈரமும் லேசான வாடைகளும் போகும். துளைகளில் படிந்த கந்தகம் போகாது. ஒரு முறை காயவைத்துச் சில வாரம் ஓட்டலாம், அதற்கு மேல் பயனில்லை. கறுத்துப்போன இரும்புச் சுருளைக் கழற்றியதும் தண்ணீரில் நனைத்துத் தரையில் மெல்லியதாகப் பரப்பிவிடுங்கள். காற்றுப் பட்டதும் அது சூடாகும். உலர்ந்த குவியலாகக் குப்பைத் தொட்டியில் போட்டால் புகைந்து பற்றிக்கொள்ளக்கூடும். பரப்பி வைத்தது மறுபடி செந்நிறமானால் இன்னொரு சுற்றுக்குப் பயன்படும்.

இந்த வேலை எதற்கும் டேங்க் மூடியைத் திறக்க வேண்டியதில்லை. யாரையும் உள்ளே எட்டிப் பார்க்கவோ இறங்கவோ விட வேண்டாம்: ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் முதலில் மூக்கு மரத்துப்போகும், வாடையே தெரியாத நிலையில்தான் உயிர் போகிறது.