மூட்டுவலியை மனச்சோர்வாக எண்ணும் ஆப்

மதுரையில் ருமட்டாலஜி (மூட்டு நோய்) ஓ.பி.யில் பழக்கமான தங்கை ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "அக்கா, நீங்க பேசுற மனநல ஆப்ல வருஷச் சந்தாவைக் குறைச்சிருக்காங்க. சேரட்டுமா?" வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. அவளுக்கும் சரவாங்கி என்கிற முடக்குவாதம், எனக்கும் சரவாங்கி. தீராத நோயோடு இருப்பவர்களுக்கு இந்தச் சேவை எப்படி என்பதை மட்டும் எழுதுகிறேன். ஆப்பின் பெயர் வேண்டாம்.

வீடியோவில் பேசினால் மனசு சரியாகுமா என்று பலரும் கேட்கிறார்கள். எனக்கு ஆனது. கோவில்பட்டியிலிருந்து மதுரை கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். அவ்வளவு நேரம் முழங்காலை மடக்கி பஸ்ஸில் உட்கார்ந்தால் இறங்கும்போது காலை நீட்ட வராது. மூட்டு டாக்டருக்காக அந்தப் பயணத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். மனசைப் பேசவும் அதே பஸ் ஏற வேண்டும் என்றால் நான் போயிருக்கவே மாட்டேன். இப்போது கட்டிலில் சாய்ந்து, மணிக்கட்டுக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு பேசுகிறேன். நடுவில் படுத்துக்கொண்டாலும் என்னோடு பேசும் உளவியலாளர் மேடம் ஒன்றும் நினைத்துக்கொள்வதில்லை.

நான் எதிர்பார்க்காத நன்மை ஒன்று கிடைத்தது. ஒருநாள் மேடம், "போனை எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போங்க, எனக்குக் காட்டுங்க" என்றார். முறத்தில் அரைக் கிலோ சின்ன வெங்காயம் உரிக்கக் கிடந்தது. சிங்க்கில் பாத்திரம். ஸ்டூல் ஒன்று மூலையில், அதன்மேல் பழைய பேப்பர்க் கட்டு. "அந்த ஸ்டூல்ல எப்ப கடைசியா உட்கார்ந்தீங்க?" என்று கேட்டார். அடுப்படியில் உட்கார்ந்து வேலை செய்தால் சோம்பேறி என்பார்களோ என்ற பயம் எனக்குள் எத்தனை வருஷமாக இருந்தது என்பது அந்தக் கேள்வியில்தான் வெளியே வந்தது. அன்று அரை மணி நேரம் அழுதேன்.

அப்புறம்தான் வேலையைப் பிரித்துச் செய்வதைப் பேசினோம். வலி கம்மியாக இருக்கும் நாளில் துணி, பாத்திரம், பரண் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துக்கிடப்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. மேடம் சொன்ன வழி: வலிக்கும்வரை செய்யாமல், கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துங்கள். பத்து நிமிடம் உரித்தால் அலாரம் அடிக்க வேண்டும், அலாரம் அடித்தால் விரலை நீட்டி ஓய்வு. நல்ல நாளிலும் அதே பத்து நிமிடம்தான். கேட்க லேசாக இருக்கும், செய்வது கஷ்டம். ஆஸ்பத்திரி அறையில் எதிர் நாற்காலியில் இருப்பவர் என் முறத்தையும் ஸ்டூலையும் பார்த்திருக்க முடியாது.

இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு எரிச்சலுக்கு வருகிறேன். ஒவ்வொரு செஷனுக்கு முன்னாலும் ஆப் ஒரு ஃபார்ம் நீட்டும். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10ஐத் தொட்டால் நடுத்தர மனச்சோர்வு, 15ஐத் தொட்டால் அதற்கும் மேல். அதில் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். தூக்கம் கெடுகிறதா? ராத்திரி தோள் குத்துவதால் கெடுகிறது. சோர்வா? சரவாங்கி வந்தால் அதுவும் கூடவே வரும். பசி இல்லையா? வாரம் ஒருமுறை சரவாங்கிக்கான மெத்தோட்ரெக்சேட் மருந்து போட்ட மறுநாள் குமட்டலில் காபிகூட இறங்காது. கவனம் சிதறுகிறதா? வலியில் யாருக்குத்தான் சிதறாது? நடை, பேச்சு மந்தமாகிவிட்டதா? காலையில் விரல் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகும் எனக்கு. மூட்டு வீங்கிக் கிடந்த இரண்டு வாரத்தில் இந்த ஐந்துக்கும் உண்மையைச் சொன்னால், துளி வருத்தம் இல்லாமலே 15 வந்துவிடும்.

வந்தது. திரையில் சிவப்புப் பட்டை. அது போதாதென்று, அவசரத் தொடர்புக்குக் கொடுத்திருந்த என் வீட்டுக்காரர் எண்ணுக்கு, உங்கள் உறவினரின் மனநிலையைக் கவனியுங்கள் என்று மெசேஜ். கடையைப் பாதியில் சாத்திவிட்டு வியர்த்து ஓடிவந்தார் மனிதர். நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு நான் போட்டது பூஜ்யம். அதை யாரும் பார்க்கவில்லை, கூட்டல் தொகையைத்தான் பார்த்தார்கள். அதற்கப்புறம் பல வாரம், நான் பேசி முடித்ததும் கதவைத் தட்டி முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார். அடுத்த அறையில் அவர் காது கொடுத்திருக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டே எதை மனம்விட்டுப் பேசுவது?

நியாயமாகவும் சொல்ல வேண்டும். சரவாங்கி உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது, அதனால் கேட்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்த ஒன்பதாவது கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும், அதற்கு ஒருவர் 'ஆம்' என்றால் உடனே ஆள் வர வேண்டும். ஆனால் உடல்நோயாளிகளுக்கென்றே, சோர்வு பசி போன்ற உடல் அறிகுறிகளைத் தவிர்த்துச் செய்த எச்.ஏ.டி.எஸ். என்ற கேள்வித்தாள் 1983லேயே வந்துவிட்டது. பி.எச்.க்யூ-9 இலவசம், எச்.ஏ.டி.எஸ்.ஸுக்கு உரிமக் கட்டணம் உண்டு. நாள்பட்ட நோயாளிகளுக்கான தனித் திட்டம் என்று விளம்பரம் செய்து சந்தா வாங்குகிறவர்கள் அதைக் கட்டலாமே? அதுவும் வேண்டாம், மதிப்பெண் கூட்டலை ஒரு உளவியலாளர் பார்த்த பிறகு மெசேஜ் அனுப்பினாலே போதும். நான் எழுதிய புகாருக்கு இது தானியங்கி முறை என்று பதில் வந்தது. மேடமே உள்ளே சொல்லிப் பார்த்தும் ஒன்றும் நகரவில்லை.

ஆகவே தங்கச்சி, விலை குறைந்தது என்பதற்காக இதில் சேராதே. முதலில் 14416க்கு அடி. டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, தமிழில் பேசலாம், காசு கிடையாது. அது ஒரே ஆளிடம் வாரா வாரம் பேசும் ஏற்பாடு இல்லை, ஆனால் தாங்க முடியாத ராத்திரிக்கு உதவும். தொடர்ந்து பேச ஆள் வேண்டுமென்றால், ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள மருத்துவ உளவியலாளரா என்று பதிவு எண்ணைக் கேட்டுப் பார்த்துக்கொள். மூட்டு நோயாளிகளிடம் வேலை செய்திருக்கிறாரா என்றும் கேள். எந்த ஆப்பாக இருந்தாலும் அவசரத் தொடர்புக்கு எப்போது, எதற்காக மெசேஜ் போகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டு.

நான் புதுப்பித்துவிட்டேன். மேடத்தை விட்டுவிட மனசு வரவில்லை, வேறு காரணம் இல்லை. ஆப்புக்கு ஒரு நட்சத்திரம்தான் கொடுத்திருக்கிறேன். அந்த ஃபார்மை மாற்றினால் அதையும் மாற்றுகிறேன்.