நிலவில் நீரைத் தேட எம்-கியூபா, ஐஐஆர்எஸ்ஸா?

முதுகலை ப்ராஜெக்ட்டுக்காக நிலவின் பரப்பில் ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த, நீருக்கு நெருங்கிய உறவு) தடயத்தைத் தேடக் கிளம்பியபோது என் முன்னால் இரண்டு தரவுகள் இருந்தன. ஒன்று, 2008-இல் ஏவப்பட்ட சந்திரயான்-1 சுமந்துசென்ற நாசாவின் எம்-கியூப் (M3) கருவி தந்தது. இன்னொன்று, 2019 முதல் நிலவைச் சுற்றும் சந்திரயான்-2-இல் உள்ள ஐஐஆர்எஸ் (IIRS) என்ற அகச்சிவப்புக் கருவி தருவது. பரப்பில் பட்டுத் திரும்பும் வெயிலை அலைநீளம் வாரியாகப் பிரித்துப் பதிவதுதான் இரண்டுக்கும் வேலை. நான் ஐஐஆர்எஸ்ஸை எடுத்தேன்.

பாறை வகை மட்டும் போதும் என்றால் எம்-கியூபே நல்லது. நிலவின் 95 விழுக்காட்டுக்கும் மேல் படம் இருக்கிறது. எதிரொளிப்பு அளவாகவே, அதாவது விழுந்த வெயிலில் எத்தனை பங்கு திரும்பியது என்றே, மாற்றிய கோப்புகளும் கிடைக்கின்றன. நிலவுப் பாறைகளில் உள்ள பைராக்சீன் என்ற கனிமம் 1 மைக்ரான், 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தின் பக்கம் ஒளியை விழுங்கும்; வரைபடத்தில் அந்த இடங்கள் பள்ளமாகத் தெரியும். எம்-கியூப் 0.43 மைக்ரானில் தொடங்குவதால் அந்த முதல் பள்ளத்தின் இரு கரையும் தெரியும். ஐஐஆர்எஸ் 0.8-இல்தான் தொடங்குகிறது, இடது கரை அறுந்துவிடும்.

நீர் என்று வந்தால் கதை வேறு. ஹைட்ராக்சிலும் நீரும் ஒளியை விழுங்குவது 3 மைக்ரான் பக்கத்தில். எம்-கியூப் சரியாக அங்கேயே, 3.0-இல் நின்றுவிடுகிறது. பள்ளத்தின் ஒரு சரிவுதான் கையில் கிடைக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் வெப்பம். நண்பகலில் நிலநடுக்கோட்டுப் பக்கம் தரை ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ் கொதிக்கிறது. அந்தச் சூட்டில் தரையே அகச்சிவப்பை உமிழும். 3 மைக்ரானில் அது எதிரொளிக்கும் வெயிலுக்குச் சமமாகவே வந்துவிடும். அதைக் கழிக்காவிட்டால் பள்ளம் மேடாகிவிடும். கூடுதலாகக் கழித்தால் இல்லாத நீர் முளைக்கும். கழிக்கத் தரையின் வெப்பநிலை தெரிய வேண்டும். எம்-கியூபின் குறுகிய எல்லைக்குள் அதைக் கணிப்பது கடினம். இதன் விளைவைப் பாருங்கள்: அதே எம்-கியூப் தரவை வைத்து, நீரின் அளவு அகலாங்குக்கும் பகல்பொழுதுக்கும் ஏற்ப மாறுகிறது என்று 2017-இல் ஓர் ஆய்வு சொன்னது. வெப்பத்தை வேறு முறையில் கழித்து, எங்கும் எப்போதும் ஏறத்தாழ ஒரே அளவுதான் என்று 2018-இல் இன்னோர் ஆய்வு சொன்னது.

ஐஐஆர்எஸ் 5 மைக்ரான் வரை போகிறது. நண்பகலில் அங்கே வருவது பெரும்பாலும் தரையின் சூடுதான். ஆக, எந்தப் படத்தில் நீரைத் தேடுகிறோமோ அதிலிருந்தே, அதே பிக்சலிலிருந்தே வெப்பநிலையைக் கணக்கிட்டுவிடலாம். பள்ளத்தின் மறுகரையும் தெரியும். எனக்கு இதுதான் முடிவைத் தீர்மானித்தது.

உழைப்பு கூடுதல்தான். சந்திரயான்-2 தரவை இஸ்ரோ வெளியிடும் பிரதான் இணையதளத்தில் கிடைப்பது கதிர்வீச்சு அளவு, அதாவது கருவிக்கு வந்த ஒளியின் அளவு. அதை எதிரொளிப்பாக மாற்ற, சூரிய நிறமாலையால் வகுப்பது நம் வேலை. கரடுமுரடான தரையில் வெயிலும் நிழலும் ஒரே பிக்சலில் கலந்திருந்தால், கிடைக்கும் வெப்பநிலை சூடான பகுதியின் பக்கமே சாயும். நான் பார்த்தது சமதளமான பாசால்ட் சமவெளிகளை மட்டுமே; நிலவின் துருவங்களில் உள்ள குழிகளுக்கு என் அனுபவத்தை அப்படியே நீட்டாதீர்கள்.

ஒரே இடத்தைக் காலையில் ஒன்றும் நண்பகலில் ஒன்றுமாக எடுத்த இரண்டு ஐஐஆர்எஸ் படங்கள் கிடைத்தால் முதலில் அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தைச் சரியாகக் கழித்தோமா என்பது அந்த இரண்டையும் பக்கத்தில் வைக்கும்போதுதான் பிடிபடும்.