பேடிலை எண்ணாதீர்கள்: ராப்டருக்கு மணல் டயர் போட்ட அனுபவம்

சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வளர்ந்தவன் நான். துபாயிலிருந்து ஹத்தா போகும் ரோட்டில் பதாயர் மணல் மேடுகளை முதல் தடவை பார்த்தபோது, ஊர் மண்ணைத்தான் யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டார்களோ என்று தோன்றியது. அதே இரும்புத் துரு சிவப்பு. தேரியில் சைக்கிள் டயர் எப்படிப் புதையுமோ, அப்படித்தான் இங்கே என் நாலு சக்கர குவாட் பைக்கும் புதைந்தது. எடைதான் கொஞ்சம் கூட, 190 கிலோவுக்கு மேல்.

வண்டி யமஹா ராப்டர் 700, பழையது வாங்கியது. 686 சிசி, ஒற்றை சிலிண்டர், இழுவைக்குக் குறைவில்லை. அதோடு வந்தது கம்பெனி டயர்: முன்னால் 21x7-10, பின்னால் 20x10-9. முதல் எண் டயரின் உயரம், அடுத்தது அகலம், கடைசி ரிம்மின் அளவு, எல்லாம் அங்குலம். சின்னச் சின்னக் குமிழ் வைத்த டயர் இது. மண் ரோட்டில் அருமையாகப் பிடிக்கும். பொடி மணலில் என்ன ஆகும் என்றால், குமிழ்களுக்கு நடுவில் மணல் நிரம்பி டயர் வழுக்கையாகிவிடும். ஏறவில்லையே என்று த்ராட்டிலை அழுத்தினால் சக்கரம் தனக்குத்தானே கிணறு வெட்டிக்கொள்ளும். வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்ததும் கதை முடிந்தது. முதல் குளிர்காலம் முழுக்க நான் ஓட்டியதைவிடக் கையால் தோண்டியதுதான் அதிகம்.

அப்புறம்தான் பேடில் டயர். பெயருக்கு ஏற்ற மாதிரி படகுத் துடுப்புதான்: வழவழப்பான ரப்பர் உருளையின் மேல் குறுக்காக நிற்கும் குழிந்த பட்டைகள். ஒவ்வொரு பட்டையும் ஒரு கை மணலை அள்ளிப் பின்னால் எறிகிறது, வண்டி முன்னால் போகிறது. எங்கள் கூட்டத்தில் அடிபடும் பெயர்கள் ஸ்கேட் ட்ராக், சாண்ட் டயர்ஸ் அன்லிமிடெட், ஐடிபி. மூன்றும் அமெரிக்கக் கம்பெனிகள். நான் வாங்கியதும் இவற்றில் ஒன்றுதான். ஆனால் பெயரைவிட வடிவம்தான் முக்கியம் என்பது என் கட்சி, அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

கடையில் நின்றால் எல்லோரும் பேடிலை எண்ணுகிறார்கள். எட்டா, பத்தா, பன்னிரண்டா? கூடுதலாக இருந்தால் கூடுதல் பிடிமானம், அதனால் பன்னிரண்டை எடு என்பார் கடைக்காரர். பிடிமானம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அத்தனை மணலையும் அள்ளி எறிய வேண்டியது உங்கள் இன்ஜின். கூட வரும் நண்பர் தன் 250 சிசி வண்டிக்கு ஆசையாகப் பெரிய பேடில் போட்டார். மேட்டில் பாதி ஏறியதும் இன்ஜின் திணறும், கியரைக் குறைப்பார், மறுபடி திணறும். பழைய டயரில் வேகம் எடுத்து ஏறிய இடத்தில்கூட நின்றுவிட்டார். சின்ன இன்ஜினுக்கு உயரம் குறைந்த, எண்ணிக்கை குறைந்த பேடில்தான் சரி. இல்லையென்றால் செயினின் முன் பல்சக்கரத்தில் ஒரு பல்லைக் குறைக்க வேண்டும், அது தனிச் செலவு.

700க்குப் பத்து பேடிலைக்கூடச் சுழற்ற முடியும். ஆனாலும் நான் எடுத்தது எட்டு, அதுவும் நேர்ப்பட்டை இல்லை, நடுவில் மடிந்து V மாதிரி இருப்பது. நேராகக் குழிந்த பட்டை நெட்டுக்குத்தாக ஏறுவதற்கு ராஜா. அபுதாபிப் பாலைவனத்து லிவாவில் 300 மீட்டர் தல் மொரீப் மேட்டில் பந்தயம் விடுகிறவர்களுக்கு அது தேவை. எனக்கு மேட்டின் சரிவில் வளைந்து வளைந்து போவதில்தான் ருசி. V பட்டையில் பின்பக்கம் பக்கவாட்டில் இதமாக வழுக்கிக்கொடுக்கும். கெட்டி மணலில் ஆட்டமும் குறைவு.

டயரை மாட்டியதில்தான் கூத்து. கம்பெனி டயரைக் கழற்றாமல் வைத்துக்கொள்ளலாம் என்று பழைய ரிம் ஒரு ஜோடி தேடினேன். முதலில் கிடைத்தது ஹோண்டா 450ஆர் என்ற இன்னொரு குவாட் பைக்கின் பின் ரிம். நாலு போல்ட்தானே என்று வாங்கி வந்தால் பொருந்தவில்லை. ஹோண்டாவுக்குப் போல்ட் வட்டம், அதாவது நாலு போல்ட் துளையும் அமைந்த வட்டத்தின் விட்டம், 110 மி.மீ., யமஹாவுக்கு 115. ஐந்து மி.மீட்டருக்காக ஒரு சனிக்கிழமை போயிற்று. சரியான ரிம் கிடைத்து, ஷார்ஜாவின் தொழிற்பேட்டையான சனையாவில் ஒரு பங்சர் கடையில் கொடுத்தேன். கார் டயர் பார்த்துப் பழகிய கடை. இரண்டு ரிம்மையும் ஒரே பக்கமாகப் படுக்க வைத்து, இரண்டு டயரையும் ஒரே மாதிரி ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். கிளம்பும் அவசரத்தில் நானும் கவனிக்கவில்லை. மணலில் இறங்கியதும் வண்டி இடது பக்கமாகவே இழுக்கிறது. பின்னால் வந்தவன் கத்தினான்: "மச்சான், என்ன வண்டி நண்டு மாதிரி போகுது?" இறங்கிப் பார்த்தால் வலது சக்கரத்தின் குழிவு ஒரு பக்கம், இடதின் குழிவு எதிர்ப்பக்கம். இடது பேடில் மணலை முதுகால் தள்ளிக்கொண்டிருந்தது. நினைவில் வைக்கச் சுலபமான வழி: வண்டியின் மேல் உட்கார்ந்து குனிந்து பார்த்தால், சக்கரத்தின் உச்சியில் இருக்கும் பேடிலின் குழிவு முன்பக்கம் பார்க்க வேண்டும். அந்தப் பேடில் சுற்றிக் கீழே போகும்போது குழிவு பின்னால் திரும்பும், மணலை அள்ளும். இப்போது இரண்டு ரிம்மிலும் மஞ்சள் பெயிண்டில் அம்புக்குறி போட்டிருக்கிறேன்.

காற்று: பின்னால் 6 பிஎஸ்ஐ, முன்னால் 5. கார்களுக்கான மீட்டர் இவ்வளவு குறைந்த அளவை ஒழுங்காகக் காட்டாது. 15 பிஎஸ்ஐ வரைக்கும் மட்டும் அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இன்னும் மெத்தென்று இருக்கட்டும் என்று ஒரு நாள் 3க்கு இறக்கினேன், திருப்பத்தில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றது. மேட்டு உச்சியில் கைப்பம்பு அடித்து அதை உட்கார வைக்க முயன்றதைப் பற்றி விரிவாகச் சொல்ல விருப்பமில்லை.

பின் டயருக்காகத்தான் இவ்வளவு பாடும். ஆனால் என்னை அசர வைத்தது முன் டயர். மணலுக்கான முன் டயர் ஏறக்குறைய மொட்டை. நடுவில் மட்டும் சுற்றிலும் ஒரு ரப்பர் வரப்பு. குமிழ் டயர் திரும்பும்போது மணலை உழும், ஹேண்டில் கனக்கும், ஒரு மணி நேரத்தில் தோள் விட்டுப்போகும். இது மணலின் மேல் மிதந்து, அந்த வரப்பால் கோடு கிழித்தபடி போகிறது. சரிவில் கொஞ்சம் திருப்பினாலே வண்டி கேட்கிறது. பட்ஜெட் இடிக்கிறது, பேடிலை மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்பவர்களிடம் நான் வேண்டாம் என்பேன். பின்னால் இருந்து அவ்வளவு பலமாகத் தள்ளும்போது முன்னால் குமிழ் டயர் இருந்தால் நேராகத்தான் போவீர்கள், நினைத்த இடத்தில் திரும்ப மாட்டீர்கள்.

குறைகளும் உண்டு. ரிவர்ஸில் பேடில் உதவாது, மேடு ஏறி நின்றுவிட்டால் பின்னால் எடுப்பதற்குள் புதைகிறது. மழை பெய்து இறுகிய மணலில் வீண், அன்றைக்குப் பழைய டயரே மேல். மேடுகளுக்கு நடுவில் சரளைத் தரையைக் கடக்கும்போது பல் கிட்டிக்கும் அளவுக்கு அதிரும். போன ஜனவரியில் அப்படி ஒரு தரையில் சோம்பேறித்தனமாக வேகம் குறைக்காமல் போய், ஒரு பேடிலின் ஓரத்தில் நகம் அளவு ரப்பர் பிய்ந்தது. இன்னொன்று, உங்கள் பின்னால் யாரையும் ஓட்ட விடாதீர்கள். நேர் பின்னால் வந்தால் ஹெல்மெட் கண்ணாடிக்குள்கூட மணல் போகும், அப்புறம் மதியச் சாப்பாட்டுக்குத் திட்டுதான் கிடைக்கும்.

முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பின் ரிம், ஏற்றிய கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 2,600 திர்ஹம் ஆயிற்று. ஹோண்டா ரிம்முக்குக் கொடுத்தது தனி, அது இன்னும் பால்கனியில்தான் கிடக்கிறது. ஒரு சீசன், அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை, பெரும்பாலும் வாரம் ஒரு காலை ஓட்டியதில் அந்த ஒரு பிய்ச்சலைத் தவிரத் தேய்மானம் தெரியவில்லை.

இதை மாட்டிக்கொண்டு பெட்ரோல் பங்க் வரை ரோட்டில் போகலாமா என்று இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கூடாது. பக்கவாட்டில் அச்சடித்திருக்கிறது, படித்துப் பாருங்கள். நான் கேனில் வாங்கி வருகிறேன்.