கோத்தகிரியில் இரண்டு நாள் மலைச் சைக்கிள் பயணம்: பதினாறு பேருக்கு ஏற்பாடு செய்தவர்களைப் பற்றி

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒன்றாகச் சைக்கிள் ஓட்டும் எங்கள் குழுவுக்கு, ஆண்டுக்கு ஒருமுறை தார்ச்சாலையை விட்டு மலைப்பாதைக்குப் போகும் வழக்கம் உண்டு. இதுவரை எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொண்டோம். இந்த ஜனவரியில்தான் முதன்முறையாக, கோத்தகிரியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் இத்தகைய பயணங்களை நடத்தும் ஒரு சிறு நிறுவனத்திடம் சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கான பொறுப்பையும் ஒப்படைத்தோம். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே அழைத்துச் செல்வது, ஓர் இரவுத் தங்கல், ஐந்து வேளைச் சாப்பாடு, வழிகாட்டி, பழுது பார்ப்பவர் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 7,500 ரூபாய். சொந்தச் சைக்கிள் கொண்டுவந்தவர்களுக்கு 6,000. குறைகளை உரிமையாளரிடம் நேரிலேயே சொல்லிவிட்டதாலும் அவர் அவற்றை மறுக்காமல் ஏற்றுக்கொண்டதாலும் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

எங்கள் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பதினாறு பேரில் ஆறு பேர் எந்தச் சரிவிலும் அஞ்சாமல் இறங்குபவர்கள். எட்டுப் பேர் நடுத்தரம். இரண்டு பேர் மண்பாதையில் சக்கரம் வைப்பதே இதுதான் முதல் தடவை. இப்படி ஒரு கூட்டத்துக்கு ஏற்பாடு செய்பவரை, எவ்வளவு நல்ல பாதைகளைக் காட்டினார் என்பதை வைத்து மட்டும் மதிப்பிட முடியாது. கடைசியாக வருபவர் வந்து சேரும்போது தேநீர் சூடாக இருந்ததா, அவருக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைத்ததா, அல்லது அவர் வந்ததும் மற்றவர்கள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்களா என்பதே என் அளவுகோல். அந்த அளவுகோலில் சனிக்கிழமைக்கு நூற்றுக்குத் தொண்ணூறு கொடுப்பேன், ஞாயிற்றுக்கிழமைக்கு ஐம்பதுதான்.

புறப்படுவதற்கு முந்தைய ஏற்பாடுகளில் அவர்கள் காட்டிய கவனம் பாராட்டுக்குரியது. நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வண்டிகளுக்கு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வேண்டும். நாங்கள் நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்ததால் எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. மேட்டுப்பாளையத்தில் காத்திருந்த வேன்கள் நீலகிரிப் பதிவெண் கொண்டவை என்பதால் அவற்றுக்கும் தேவையில்லை. ஆனால் எங்கள் ஏழு சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து தனியே வந்த வண்டிக்குப் பாஸ் எடுக்க வேண்டும் என்பதைப் பத்து நாட்களுக்கு முன்பே எழுதி நினைவூட்டியிருந்தார்கள். கோடையில் இப்படி ஒரு பயணத்தைத் திட்டமிடுபவர்கள் இன்னும் முன்னதாகவே யோசிக்க வேண்டும். 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று நீதிமன்றம் வரம்பே விதித்திருந்தது. சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதையும், ஆளுக்கு இரண்டு எஃகுக் குடுவைகள் கொண்டுவர வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் சொல்லியிருந்ததால், குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் எங்கள் பைகளைத் திறந்து பார்த்தபோது சங்கடம் எதுவும் நேரவில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். எங்களில் இருவர் அந்த ஏற்றத்தையும் சைக்கிளிலேயே ஏறுவோம் என்று அடம் பிடித்தார்கள். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் செங்குத்து உயரத்தைக் காலையிலேயே ஏறிவிட்டு, மதியம் தோட்டத்துச் சரிவுகளில் கால் நடுங்க இறங்குவது விபத்தை விலை கொடுத்து வாங்குவது என்று உரிமையாளர் மறுத்துவிட்டார். அப்போது எரிச்சலாக இருந்தாலும் அவர் செய்தது சரிதான். காலை ஏழு மணிக்குப் பாதையில் இறங்கிவிடலாம் என்று நாங்கள் கேட்டதற்கும் அவர் இசையவில்லை. கோத்தகிரிப் பக்கம் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் தேயிலைக்குள் கரடி நடமாட்டம் உண்டு. சத்தமில்லாமல் வேகமாக வரும் சைக்கிளைக் கண்டு மிரளும் கரடி ஓடாது, பாயும். எனவே எட்டரைக்கு முன் புறப்பாடு இல்லை, நாலரைக்கு மேல் பாதையில் யாரும் இல்லை என்பதே அவர்களுடைய விதி. சனிக்கிழமை ஒரு வளைவில் மூன்று காட்டெருமைகள் பாதையை அடைத்துக்கொண்டு நின்றபோது, வழிகாட்டி எங்களை ஐம்பதடி பின்னால் தள்ளி நிறுத்திவிட்டு, அவை தாமாக இறங்கிப் போகும்வரை இருபது நிமிடம் பேசாமல் காத்திருந்தார். படம் எடுக்க முன்னால் நகர்ந்த எங்கள் நண்பருக்கு ஒரே ஒரு பார்வைதான். அவர் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டார்.

சனிக்கிழமைப் பாதை பதினெட்டுக் கிலோமீட்டர்தான் என்றாலும் நாள் முழுவதும் தேவைப்பட்டது. 1819-இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்ததை நினைவூட்டும் கன்னேரிமுக்கு நினைவகத்தைத் தொட்டுவிட்டு, தோட்டச் சாலையும் கொழுந்து பறிப்பவர்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதையும் மாறி மாறி வரும்படி வகுத்திருந்தார்கள். தனியார் தோட்டங்களுக்கான எழுத்து அனுமதி வழிகாட்டியின் கையில் இருந்தது. கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலைக்குள் போக முடியுமா என்று ஒருவர் கேட்டார். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2024-இல் இடம்பெற்ற காப்புக்காடு அது, அங்கே சைக்கிளுக்கு வேலையில்லை என்று ஒரே வாக்கியத்தில் பேச்சை முடித்துவிட்டார்கள். காசு கொடுக்கிறோமே என்று எந்தக் காட்டுக்குள்ளும் அழைத்துச் செல்பவர்களை வேறு இடங்களில் பார்த்திருப்பதால், இதை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன்.

அன்று எல்லோரையும் சேர்த்துக் கட்டியது ஓர் எளிய முறை. பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் வழிகாட்டி தமக்கு நேர் பின்னால் வருபவரை நிறுத்திவிட்டு முன்னே செல்வார். நின்றவர், கடைசியில் வரும் உதவியாளர் கண்ணில் படும்வரை அங்கேயே இருந்து மற்றவர்களுக்கெல்லாம் வழி காட்டுவார். அதனால் யாரும் தவறிப் போகவில்லை என்பதைவிட முக்கியமான ஒன்று நடந்தது. வேகமாக ஓட்டுபவர் ஒரு பிரிவில் நின்றால் அடுத்த பகுதியைக் கடைசி ஆட்களோடு சேர்ந்தே ஓட்ட வேண்டிவரும். ஆறு வேகக்காரர்களில் ஒருவர், புதியவர் ஒருவருக்கு, பின்சக்கரத்தின் மேல் உடலைத் தள்ளிப் பெடல்களை மட்டமாக வைத்து இறங்கும் வித்தையை அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். கட்டணம் வாங்கிய எந்தப் பயிற்றுநரும் அவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தந்திருக்க மாட்டார்.

வாடகைச் சைக்கிள்கள்தான் இந்தப் பயணத்தின் பலவீனம். ஒன்பது பேருக்கு 29 அங்குலச் சக்கரமும் முன்புற சஸ்பென்ஷனும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கும் கொண்ட வண்டிகள் வந்தன. வண்டிகள் நல்லவை, பிரேக் பேட்கள் புதியவை, சங்கிலியில் எண்ணெய் இருந்தது. ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்பே ஒவ்வொருவருடைய உயரத்தையும் அனுப்பியிருந்தும், வந்தவற்றில் ஏழு நடுத்தர அளவு, இரண்டு பெரிய அளவு. சிறிய அளவு ஒன்றுகூட இல்லை. 152 சென்டிமீட்டர் உயரமுள்ள எங்கள் தோழி, சீட்டை அடிவரை இறக்கிய பிறகும், சரிவில் நிறுத்தினால் ஒரு காலின் பெருவிரல் மட்டுமே தரையைத் தொடும் நிலையில் இருந்தார். அவர் பயந்து இறங்கி நடந்த இடங்களில் பாதிக்கு மேல், சரியான அளவு வண்டி இருந்திருந்தால் ஓட்டியே போயிருப்பார்.

அதைவிட ஆபத்தான இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் முன்பிரேக் வலது கையில் இருப்பது வழக்கம். வாடகை வண்டிகளில் ஒன்றில் மட்டும் அது இடது கையில் இருந்தது, யாரும் சொல்லவில்லை. அந்த வண்டியை எடுத்தவர், தங்குமிடத்துப் புல்வெளியில் சோதித்துப் பார்க்கும்போதே, பின்பிரேக் என்று நினைத்து இடது பிடியை அழுத்தி, கைப்பிடிக்கு மேலாகப் போய் விழுந்தார். முழங்கை சிராய்ப்போடு தப்பினார். அதே தவறு முதல் சரிவில் நேர்ந்திருந்தால் வார இறுதி அங்கேயே முடிந்திருக்கும். வாடகைக்கு வண்டி எடுக்கும் எவரும் ஏறி உட்காரும் முன் சக்கரத்தை உருட்டி இரண்டு பிடிகளையும் தனித்தனியே அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

பழுது பார்க்க வந்தவர் அதற்கு நேர்மாறு. எங்கள் உறுப்பினர் ஒருவரின் சொந்தச் சைக்கிள் பாறையில் உரசி, கியர் மாற்றும் பின் டெரெய்லர் தொங்கும் ஹேங்கர் முறிந்துவிட்டது. அந்தச் சிறு உலோகத் துண்டு ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒவ்வொரு வடிவம். அவரிடமிருந்த ஆறில் ஒன்றும் பொருந்தவில்லை. அவர் டெரெய்லரைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, பின்பக்கம் நடுப் பல்சக்கரத்தின் மேல் சங்கிலியை நேராக இழுத்து அளந்து, மிகுதிக் கண்ணிகளை நீக்கி, குவிக் லிங்க் எனும் இணைப்புக் கண்ணியால் பூட்டி, பன்னிரண்டு நிமிடத்தில் அதை ஒற்றைக் கியர் வண்டியாக்கித் தந்தார். நண்பர் மீதி ஒன்பது கிலோமீட்டரையும் அதில்தான் ஓட்டினார். தம் சொந்த வண்டிக்குரிய ஹேங்கர் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளாத குற்றம் அவருடையது. எங்கள் குழு அதை அவருக்கு மறக்க விடவில்லை.

சாப்பாட்டில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சனிக்கிழமை மதியம் ஒரு படுகர் வீட்டில் ராகிக் களியும் அவரைக் குழம்பும் கிடைத்தன. அது ஒன்றுக்காகவே இன்னொருமுறை போகலாம். தங்குமிடத்து இரவு உணவு எந்த ஊரிலும் கிடைக்கும் சப்பாத்தியும் குருமாவும்தான். அறைகள் சுத்தமாக இருந்தன. வெந்நீர் முதல் ஐந்து பேருக்குத்தான் வந்தது. ஓட்டாமல் உடன் வந்திருந்த குடும்பத்தார் இருவரையும் ஜீப்பில் கோடநாடு காட்சிமுனைக்கு அழைத்துப் போய்க் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கைக் காட்டியது நல்ல யோசனை.

ஞாயிற்றுக்கிழமை தவறியதற்கு நிறுவனம் மட்டும் காரணம் அல்ல. காலையில் எங்கள் ஆறு வேகக்காரர்கள் இன்னும் செங்குத்தான இறக்கம் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். வழிகாட்டி ஒப்புக்கொண்டு அவர்களோடு போய்விட்டார். மீதிப் பத்துப் பேருக்கு உதவியாளர் ஒருவரே முன்னும் பின்னுமாக இருக்க வேண்டியதாயிற்று. பனி ஈரம் காயாத செம்மண்ணில் சில்வர் ஓக் வேர்கள் சோப்புப் போல வழுக்கியதால் கூட்டம் நீண்டது. ஒரு பிரிவில் யாரையும் நிறுத்தவில்லை. புதியவர்கள் இருவரும் இடப்பக்கம் இறங்கி, கைபேசிக்குச் சிக்னல் இல்லாத பள்ளத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை வாசலில் போய் நின்றார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. அவர்கள் பதறவில்லை, அந்தத் தொழிற்சாலைக் காவலாளி நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் வந்தபோது மற்றவர்கள் கை கழுவிவிட்டிருந்தார்கள், களி ஆறிப்போயிருந்தது. இரண்டாக ஓட வேண்டுமென்றால் இரண்டு வழிகாட்டிகள் வேண்டும் என்று நாங்கள் முன்பதிவின்போதே சொல்லியிருக்க வேண்டும். ஓர் ஆள்தான் இருக்கிறார் என்றால் பிரிய முடியாது என்று அவர்களும் மறுத்திருக்க வேண்டும். கரடி விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பாக இருந்தவர்கள் இதில் ஏன் தளர்ந்தார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இதையெல்லாம் சொன்ன பிறகும் அடுத்த ஜனவரிக்கு அவர்களிடமே முன்பணம் கட்டியிருக்கிறோம். இம்முறை பன்னிரண்டு பேர் மட்டும், வழிகாட்டிகள் இருவர். வாடகைக்கு எடுக்கும் ஐந்து பேரின் உயரமும் அவரவருக்குரிய வண்டியின் அளவும் முன்பிரேக் எந்தக் கையில் என்பதும் ஒரு தாளில் எழுதப்பட்டு, அதில் உரிமையாளரின் கையொப்பமும் வாங்கப்பட்டுள்ளது. முதல் வரியில் இருப்பது 152 சென்டிமீட்டர்.