பொட்டலத்தில் வரும் மோட்டார் கிட்: சாமான் சரி, குறிப்புத்தாள் தப்பு

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கென்றே விற்கிற 'நீங்களே செய்யும் மோட்டார்' பொட்டலம் இது. உள்ளே இரண்டு ஊக்கு, கறுப்பு நிற வட்டக் காந்தம் ஒன்று, எனாமல் (மின்சாரத்தைக் கடத்தாத பூச்சு) பூசிய 26 கேஜ் செம்புக் கம்பி ஒரு மீட்டர், ரப்பர் பேண்ட், ஒரு துண்டு உப்புத்தாள், அரைப்பக்கக் குறிப்பு. பேட்டரி நம் செலவு. டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய 1.5 வோல்ட் பேட்டரி வேண்டும்.

சாமான்களில் பெரிய குறை இல்லை. சொதப்புவது குறிப்புத்தாள்தான்.

கம்பியைப் பேட்டரி மேலேயே 15 சுற்று சுற்றிச் சுருள் செய்யச் சொல்கிறார்கள். அந்தப் பேட்டரியின் சுற்றளவு 10 செ.மீ.க்கும் மேல், கொடுத்த ஒரு மீட்டர் எப்படிப் பத்தும்? தடித்த மார்க்கர் பேனாவில் 12 சுற்று சுற்றி, இரு முனையிலும் 5 செ.மீ. விட்டால் போதும். முனைகளைச் சுருளின் மீதே இரண்டு முறை சுற்றி இறுக்கி, எதிரெதிராக ஒரே நேர்கோட்டில் நீட்ட வேண்டும். கோடு கொஞ்சம் விலகினாலும் சுருள் ஆடிக்கொண்டே நின்றுவிடும்.

அடுத்த தப்புதான் பெரிசு. ஒரு முனையில் எனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும்; அது சரி. மறுமுனையில் பாதி. அதற்கு 'சுருளை மேசையில் படுக்க வைத்து மேல்பக்கத்தை மட்டும் தேய்க்கவும்' என்று போட்டிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஓடாது. இந்த கிட்டில் காந்தம் சுருளுக்கு நேர் கீழே இருக்கிறது. சுருள் படுத்த நிலையைத் தாண்டும்போது திருப்புவிசை திசை மாறும். படுக்க வைத்துத் தேய்த்தால் மின்சாரம் அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் பாயும். முன்னே தள்ளியது பின்னே இழுக்கும், சுருள் துடித்துவிட்டு நிற்கும். சுருளைச் செங்குத்தாக நிறுத்திப் பிடித்து, முனைக் கம்பியின் மேல்பாதியை மட்டும் சுரண்டுங்கள். அரைச்சுற்று தள்ளும், மீதி அரைச்சுற்று மின்சாரம் இல்லாமல் வந்த வேகத்திலேயே ஓடும். இரண்டு முனையையும் முழுக்கச் சுரண்டுகிறவர்களுக்கும் இதே துடிப்புதான் மிச்சம்.

ஊக்குகளில் பளபளப்புப் பூச்சு இருக்கிறது. கம்பி உட்காரும் வளையத்தையும் பேட்டரியில் படும் பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்க்காவிட்டால் மின்சாரம் சரியாகக் கடக்காமல் போகலாம். ரப்பர் பேண்டை இரட்டையாகப் போட்டு ஊக்குகளைப் பேட்டரியின் இரு முனையிலும் இறுக்குங்கள். சுருளை ஊக்கு வளையங்களில் மாட்டியதும் விரலால் லேசாகச் சுண்டிவிட வேண்டும். தானாகக் கிளம்பும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு பக்கம் ஓடாவிட்டால் மறுபக்கம் சுண்டிப் பாருங்கள்.

ஒரு மீட்டர் கம்பியின் மின்தடை ஏறக்குறைய 0.1 ஓம்தான். சுரண்டிய பக்கம் ஊக்கில் பட்டபடி சுருள் நின்றுபோனால் அது ஷார்ட் சர்க்யூட் மாதிரியே. கம்பி சுடும், பேட்டரியும் சூடாகும். உடனே எடுத்துவிடுங்கள். இதைப் பற்றித் தாளில் ஒரு வரிகூட இல்லை. லித்தியம் பேட்டரியில் இதைச் செய்யவே கூடாது. சதுர 9 வோல்ட் பேட்டரியும் வீண்: பேட்டரிக்குள்ளேயே மின்தடை அதிகம், இவ்வளவு மின்னோட்டம் தராது.

ஒரு பிள்ளைக்கு என்றால் வாங்கலாம், குறிப்புத்தாளைத் தூரப் போட்டுவிட்டு. ஒரு வகுப்புக்கே வேண்டுமென்றால் மோட்டார் காயில் கட்டும் கடையில் கம்பியை எடை போட்டு வாங்குங்கள், காந்தத்துக்குப் பழைய ஸ்பீக்கர். கம்பி 24 கேஜாகக் கேளுங்கள் (கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிமன்). 26ஐ விட விறைப்பு, முனை தொங்காது.