டெல்டாவின் மண் கரைகள்: கொள்ளிடமா, புது ஆறா, வெண்ணாறா?

மோட்டார் வாகனங்களின் தொல்லையின்றி மண்பாதையில் மிதிவண்டி ஓட்ட விரும்பிக் காவிரி டெல்டாவுக்கு வருவோர் முதலில் நாடுவது காவிரியின் கரையைத்தான். ஆனால், கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம் வழியாகப் பூம்புகார் வரை மாநில நெடுஞ்சாலை பெரும்பாலும் ஆற்றை ஒட்டியே செல்வதால், பேருந்துக்கும் நெல் மூட்டை ஏற்றிய லாரிக்கும் ஒதுங்கி வழிவிடுவதிலேயே பொழுது போய்விடும். ஆகவே, உண்மையான போட்டி கொள்ளிடத்தின் தென்கரைக்கும், ஊர் மக்கள் புது ஆறு என்றழைக்கும் கல்லணைக் கால்வாயின் கரைக்கும், வெண்ணாற்றின் கரைக்கும் இடையேதான் நடக்கிறது.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு ஆகிய மூன்றும் பிரிவதாலும், மேலே முக்கொம்பில் பிரிந்த கொள்ளிடம் அங்கே அருகிலேயே ஓடுவதாலும், இம்மூன்று பாதைகளுக்கும் தொடக்கம் ஒன்றேயாகும். இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குக் காட்சியழகை அளவுகோலாகக் கொள்வோர் பலர். என் கருத்தில் மண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காவிரியும் வெண்ணாறும் பாயும் பழைய டெல்டா வண்டல் கலந்த களிமண் பூமியாகும். மேட்டூர் அணை 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தபோது, அத்திட்டத்தின் ஒரு பகுதியாக வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாயால் பாசனம் பெறும் புதிய டெல்டாவோ வல்லம், ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண்ணும் சரளையும் கொண்ட மேட்டு நிலமாகும். கொள்ளிடக் கரையில் மணலின் பங்கு அதிகம். ஒரே மழை இம்மூன்று கரைகளிலும் மூன்று விதமாக வேலை செய்கிறது என்பதை உணர்ந்துகொண்டால் மற்றவற்றை முடிவு செய்வது எளிதாகிவிடும்.

தனிமையை மட்டும் கேட்பவருக்குக் கொள்ளிடத்துக்கு நிகரில்லை. வெள்ளநீரை வெளியேற்றும் வடிகாலாகவே இந்த ஆறு பயன்படுவதால், மேட்டூர் நிரம்பி உபரிநீர் வரும் நாட்களைத் தவிர ஆண்டின் பெரும்பகுதியில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு மணலும் நாணலுமாகவே கிடக்கிறது. வெள்ளத்தைத் தாங்குவதற்காக உயர்த்திக் கட்டப்பட்ட கரையின் மேல் செல்லும்போது ஒரு பக்கம் ஆற்றின் விரிவும் மறுபக்கம் படுகை வாழையும் கரும்பும் தொடர்ந்து வரும். கோவிலடிப் பக்கத்தில் காவிரியும் கொள்ளிடமும் நெருங்கி ஓட, இடைப்பட்ட குறுகிய நிலத்தில் இரு ஆறுகளையும் சிறிது நேர இடைவெளியில் பார்த்துவிடலாம். இத்தகைய வாய்ப்பு மற்ற இரண்டு பாதைகளிலும் இல்லை.

குறைகளும் அதே அளவுக்கு இருக்கின்றன. மழையில்லாத காலத்தில் கரை மணல் இளகி, குறுகிய டயர் கொண்ட வண்டியின் முன்சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுக்கும். நாற்பது மில்லிமீட்டருக்குக் குறைந்த டயருடன் இங்கே வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சீமைக்கருவேல முள் எங்கும் சிதறிக் கிடப்பதால், துளையைத் தானாக அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றிய டியூப்லெஸ் டயரோ, அது இல்லையென்றால் இரண்டு மாற்று டியூப்களோ அவசியம். மணல் குவாரி இயங்கும் இடங்களில் லாரித் தடம் கரையைக் குழியாக்கியிருக்கும். தனிமையைத் தேடி வந்தவர் புழுதியைச் சுவாசிக்க நேரும். பாலங்களோ அரிதானவை. தஞ்சாவூர் – அரியலூர் சாலையில் திருமானூர்ப் பாலத்தை விட்டால், கும்பகோணத்துக்கு வடக்கே நீலத்தநல்லூர் – மதனத்தூர் பாலமும், அதன் பிறகு அணைக்கரையும் நம்பத்தக்க கடவுகள். 1836-இல் கட்டப்பட்ட கீழணை இருக்கும் அணைக்கரையைச் சுற்றிய நீரில் முதலைகள் வாழ்கின்றன. வெயிலுக்கு ஆற்றில் இறங்கிக் குளிக்கலாம் என்ற எண்ணத்தை அங்கே கைவிட வேண்டும். அணைக்கரைக்குக் கிழக்கே கரை பல இடங்களில் பலப்படுத்தப்பட்டிருப்பதால் ஓட்டம் எளிதாகிறது. ஆனால் 2018 ஆகஸ்டில் வந்தது போன்ற பெருவெள்ளக் காலங்களில் நாதல்படுகை, முதலைமேடு போன்ற ஊர்களையே நீர் சூழ்ந்துவிடும் பகுதி அது என்பதால், வெள்ள எச்சரிக்கை உள்ள நாளில் அந்தப் பக்கம் போகவே கூடாது.

புது ஆற்றுக் கரை இதற்கு நேர்மாறானது. செம்மண் சரளை நீரை விரைவில் உறிஞ்சிக்கொள்வதால், இரவு பெய்த மழைக்குப் பிறகும் மறுநாள் நண்பகலுக்குள் சக்கரம் ஒட்டாமல் ஓடும். சுமார் 148 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கால்வாய் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை ஒட்டி நகருக்குள் நுழைந்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களைக் கடந்து புதுக்கோட்டை மாவட்டத்து மும்பாலையில் முடிகிறது. கல்லணையிலிருந்து தஞ்சாவூர் வரையிலான பகுதியை ஒரு காலைப் பொழுதில் முடிக்கலாம். நகருக்குள் மட்டும் கரையை விட்டுத் தெருவுக்கு இறங்கிவிடுவது நல்லது. நகரைத் தாண்டிய பின்னர்தான் இப்பாதையின் உண்மையான சுகம் தொடங்குகிறது.

ஆயினும் இதை எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்ல முடியவில்லை. கரைகளுக்குச் சிமென்ட் பூச்சிட்ட பகுதிகளில் சரிவு வழுக்கலாகவும் செங்குத்தாகவும் இருப்பதால், நீர் ஓடும் காலத்தில் தவறி விழுந்தவர் தானாக ஏறி வருவது மிகக் கடினம். குழந்தைகளை அழைத்து வருவோர் இதை மறக்கக் கூடாது. அருகிலுள்ள ஊர்களின் மோட்டார் சைக்கிள்கள் கரையையே குறுக்கு வழியாகப் பயன்படுத்துவதும் உண்டு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னந்தோப்புகளை 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துவிட்டது. மறுநடவு செய்த கன்றுகள் எல்லா இடத்திலும் பழைய நிழலைத் தந்துவிடவில்லை என்பதால், அந்தப் பகுதியைக் காலை ஒன்பது மணிக்குள் கடந்துவிடுவது உத்தமம்.

வெண்ணாற்றுக் கரையைத் தொடக்கநிலையினருக்கு மட்டுமே பரிந்துரைப்பேன். ஊர்கள் நெருக்கமாக இருப்பதால் தேநீர்க் கடையும் பஞ்சர் கடையும் எப்போதும் எட்டும் தூரத்திலேயே கிடைக்கும். தென்பெரம்பூரில் வெட்டாறு பிரியும் தலைப்பையும் (நீரைப் பிரித்துவிடும் மதகுகள் உள்ள இடம்), நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் கோரையாறும் பாமணியாறும் பிரிவதையும் நின்று பார்ப்பது, பாசன முறையில் ஆர்வமுள்ளவருக்குப் பெரிய விருந்து. ஆனால் நீளமான பகுதிகளில் கரைமேலேயே தார்ச்சாலை போடப்பட்டுவிட்டது. தார் இல்லாத இடத்திலோ களிமண். ஐப்பசி மழையில் அந்தக் களிமண் பிசைந்த மாவைப் போல டயருக்கும் சட்டத்துக்கும் இடையே அடைத்துக்கொண்டு, வண்டியைத் தோளில் சுமக்க வைத்துவிடும்.

இவை தவிர மயிலாடுதுறை – தரங்கம்பாடி இடையே 1980-களில் நிறுத்தப்பட்ட ரயில் பாதையின் மேட்டைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். தண்டவாளம் இல்லாத மேடு மிதிவண்டிக்கு ஏற்றதுதான் என்றாலும், ஆக்கிரமிப்புகளால் அது துண்டு துண்டாகிக் கிடக்கிறது. வேதாரண்யத்து உப்பளங்களை ஒட்டிய தடங்கள் அழகானவை. கோடியக்கரைச் சரணாலயத்துக்குள் மட்டும் வனத்துறையின் அனுமதியின்றி நுழையக் கூடாது.

காலத்தைப் பொறுத்தவரை, மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. சம்பா அறுவடை முடிந்த பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூன்று கரைகளும் உலர்ந்திருக்கும். மணல் இளகியிருந்தாலும், வெள்ள அபாயம் இல்லாத அதுவே கொள்ளிடத்துக்குத் தகுந்த பருவம். அதன் பிறகு தூர் வாரும் பணி தொடங்கும் இடங்களில் பொக்லைன் எந்திரங்கள் அள்ளிப்போடும் சேறு கரைப்பாதையை மூடிவிடும் என்பதால், ஏப்ரல், மே மாதங்களில் வருவோர் முன்கூட்டியே உள்ளூரில் விசாரித்துவிட்டு வர வேண்டும். ஒரே நாள் அவகாசம் உள்ளவரிடம், மழைக்காலமானாலும் கோடையானாலும், நான் புது ஆற்றையே கேட்காமல் சொல்லிவிடுவேன்.

ஆடியில் மேற்கிலிருந்து பலமான காற்று வீசும்போது கல்லணையில் தொடங்கிக் கிழக்கு நோக்கிச் செல்பவர் பாதி உழைப்பில் இரு மடங்கு தொலைவு போய்விடலாம். திரும்பும் வழியில் அதே காற்று எதிர்க்காற்றாகிவிடும். எனவே கொள்ளிடத்தில் செல்வோர் கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ வண்டியைப் பார்சலாகப் பதிந்து ரயிலில் ஏற்றுவதற்கு ஏதுவாகப் பயணத்தைத் திட்டமிட வேண்டும். புது ஆற்றின் கடைமடைக்குச் செல்வோருக்கு அவ்வசதி எளிதில் வாய்க்காது என்பதால், அவர்கள் அந்த மாதத்தில் தஞ்சாவூரோடு பயணத்தை நிறுத்திக்கொள்ளலாம்.